பழைய நான்கு சக்கர இயக்கப் பிக்கப் வண்டியை உயர்த்துதல்

மாரிக்காலம் தொடங்கிவிட்டால் வயல்களுக்கிடையே செல்லும் வண்டிப்பாதைகளின் நிலைமை எத்தகையது என்பதை விவசாயிகளுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. டிராக்டரின் பெரிய பின்சக்கரங்கள் இருபுறமும் ஆழ்ந்த தடங்களை உண்டாக்கிவிடுகின்றன. நடுவே மண்மேடு உயர்ந்து நிற்கிறது. அறுவடைக் காலத்தில் அம்மேடு காய்ந்து செங்கல்லைப் போல் இறுகிப்போகிறது. நெல் மூட்டையேனும் உர மூட்டையேனும் ஏற்றிவரும் பிக்கப் வண்டி அத்தடத்தில் இறங்கினால், அதன் அடிப்பாகம் மேட்டில் படிந்து, சக்கரங்கள் பிடிப்பின்றிச் சுழல, வண்டி நின்றுவிடுகிறது. நான்கு சக்கரங்களும் இயங்கும் வண்டியாயினும் அடிவயிறு தரையில் படிந்தபின் அவ்வியக்கத்தால் யாதொரு பிரயோஜனமும் இல்லை.

இக்காரணம் பற்றியே பழைய பிக்கப் வைத்திருப்போர் சிலர் நகரத்துப் பட்டறைக்குச் சென்று வண்டியை மூன்று, நான்கு அங்குலம் தூக்கிக்கொள்கின்றனர். இதற்கு வேண்டிய வில், ஷேக்கிள், ஷாக் அப்சார்பர், யு போல்ட்டு முதலியவை ஒரே தொகுதியாக ‘லிஃப்ட் கிட்’ என்னும் பெயரால் விற்பனைக்கு வருகின்றன. பட்டறைக்காரர் ஒரு நாளில் மாட்டிக் கொடுத்துவிடுவார். ஆனால், மாட்டியதனால் எது கிடைத்தது, எது கைவிட்டுப் போயிற்று என்பதை அவர் சொல்வதில்லை, வண்டிக்குடையவரும் கேட்பதில்லை. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இங்கு நாம் எடுத்துக்கொள்வது, 1941-ஆம் ஆண்டில் பிறந்த வில்லீஸ் ஜீப்பின் வழியில் வந்த பழைய வகை வண்டிகளை. இவற்றில் முன்பக்கமும் பின்பக்கமும் ஒரு சக்கரத்திலிருந்து மறு சக்கரம் வரை செல்லும் ஒரே முழு அச்சு உண்டு. ஒவ்வோர் அச்சும் இரண்டு வில்களால் தாங்கப்படுகிறது. பட்டறைகளில் கமான் என்றும் பிளேட்டு என்றும் கூறப்படுவது இவ்வில்லே. நம் முன்னோர் ஏறிச்சென்ற வில்வண்டியின் வில்லும் இவ்வகையினதே. எஃகுப் பட்டைகள் பல, நீளத்திலிருந்து குட்டைவரை ஒன்றன்மீதொன்றாய் அடுக்கப்பட்டு, நடுவில் ஒரு சென்டர் போல்ட்டினால் பிணைக்கப்பட்டிருக்கும். முன் சக்கரங்கள் தனித்தனியே அசையும் பிற்கால வண்டிகளுக்கு இங்குக் கூறும் முறை பொருந்தாது. அவற்றுள் டார்ஷன் பார் உள்ளவற்றில் அதன் போல்ட்டை முறுக்கி உயர்த்துவது எளிதாய்த் தோன்றினும், சக்கரம் கீழே இறங்குதற்குரிய இடம் குறைந்து, முன் அச்சுத் தண்டின் மூட்டுக்கள் விரைவில் தேய்ந்துபோகும்.

எங்கே தட்டுகிறது?

வண்டியை உயர்த்த எண்ணுவோர் முதலில் செய்ய வேண்டிய சோதனை ஒன்றுண்டு. அதற்குச் செலவு ஒரு கைப்பிடிச் சுண்ணாம்பு. சுண்ணாம்பைக் கெட்டியாய்க் குழைத்து, இரண்டு அச்சுக்களின் நடுவே உருண்டையாய்ப் புடைத்திருக்கும் டிபரன்ஷியல் பெட்டிகளின் அடியிலும், சேஸின் குறுக்குச் சட்டத்திலும், டிரான்ஸ்பர் கேஸின் அடியிலும், புகைக்குழாயிலும், வில்களின் அடியிலும் பூசுக. உலர்ந்தபின், வழக்கமாய் ஏற்றும் பாரத்தோடு, வழக்கமாய்த் தட்டும் பாதையில் ஒருமுறை போய்வருக. எங்கே சுண்ணாம்பு உரிந்திருக்கிறதோ அங்கேதான் வண்டி தட்டுகிறது.

பெரும்பாலும் உரிந்திருப்பது டிபரன்ஷியல் பெட்டியின் அடியாகவே இருக்கும். இந்த இடத்தில்தான் பலருடைய பணம் வீணாகிறது. வில்லை உயர்த்துவதனால் சேஸும், அதன்மேல் நிற்கும் எஞ்சினும் தட்டும் உயருமேயன்றி, அச்சு ஓர் இழைகூட உயராது. அச்சு நிற்பது சக்கரத்தின்மேல். சக்கரம் நிற்பது தரையின்மேல். வில்லோ அச்சுக்கும் சேஸுக்கும் இடையே உள்ளது. அச்சை உயர்த்தக் கூடியது டயர் ஒன்றே. டயரின் விட்டம் 2 அங்குலம் கூடினால் அச்சு 1 அங்குலம் உயரும். ஆகவே வில்லை 4 அங்குலம் உயர்த்திய ஒருவரது வண்டியும், உயர்த்தாத அவருடைய அண்டை வயல்காரரது வண்டியும் டயர் ஒன்றாயிருப்பின் ஒரே மேட்டில் ஒரே இடத்தில் தட்டி நிற்கும். வில்லை உயர்த்தினால் பெரிய டயர் மாட்ட இடம் கிடைக்கும் என்பது உண்மையே. ஆனால் அது வேறொரு செலவு; அதன் விளைவும் வேறு. 28 அங்குல டயரை நீக்கி 30 அங்குல டயர் மாட்டினால் இழுவை வலு ஏறக்குறைய நூற்றுக்கு 7 பங்கு குறையும். வேகமானி 56 கிலோமீட்டர் காட்டும்போது வண்டி உண்மையில் 60-இல் ஓடும். சேற்றில் வலு வேண்டிய வண்டிக்கு இது நன்மையன்று.

குறுக்குச் சட்டமோ டிரான்ஸ்பர் கேஸோ புகைக்குழாயோ தட்டுமாயின், அப்போதுதான் வில்லை உயர்த்துவதில் நியாயம் உண்டு. வாய்க்கால் கரையில் ஏறி மறுபுறம் இறங்கும்போது வண்டியின் நடுவயிறு கரைமேட்டில் படிவதும் இவ்வகையைச் சேர்ந்ததே.

இங்கே ஒன்று சொல்லத் தோன்றுகிறது. தட்டுகிற மேடு அரை பர்லாங்கு தூரத்துக்குள் அடங்கியதாயிருந்தால், இரண்டு ஆட்கள் மண்வெட்டி கொண்டு ஒரு நாளில் அதனைச் சீவித் தடத்தில் தள்ளிவிடுவர். பின்னர்ச் சிறிது கப்பியோ செங்கல் ஜல்லியோ இட்டால் பாதை நிலைக்கும். அவ்வாறு செய்த பாதையினால் உயர்த்திய வண்டிக்குடையவர் மட்டுமின்றி ஊரார் யாவரும் பயனடைவர். கிராம நிர்வாக அலுவலர்களும் ஊராட்சி மன்றத்தாரும் அறுவடைக்கு முன்னரே இதனைக் கவனித்தல் நலம்.

இழப்பது யாது?

வண்டி கவிழாமல் நிற்பது இரண்டு அளவுகளைப் பொறுத்தது. ஒன்று, இடச்சக்கரத் தடத்துக்கும் வலச்சக்கரத் தடத்துக்கும் இடையேயுள்ள அகலம். மற்றொன்று, வண்டியின் எடை முழுவதும் ஒருங்கே நிற்பதாகக் கருதப்படும் மையம் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது. தட அகலத்தில் பாதியை இவ்வுயரத்தால் வகுத்தால் வரும் எண்ணே வண்டியின் நிலைப்பு. உதாரணமாக, தட அகலம் 52 அங்குலமும் மைய உயரம் 26 அங்குலமும் என்று கொள்வோம். 26-ஐ 26-ஆல் வகுக்க 1 வரும்; அதாவது வண்டி அசையாது நின்ற நிலையில் 45 பாகை சாயும்வரை கவிழாது. வில்லை 3 அங்குலம் உயர்த்தினால் மையமும் ஏறக்குறைய அவ்வளவே உயர்ந்து 29 ஆகும், எண் 0.9 ஆகக் குறையும். கவிழும் சாய்வு 42 பாகையாகும்.

மூன்று பாகைதானே என்று சிலர் எண்ணக்கூடும். ஆனால் பிக்கப் வண்டி வெறுமையாய் ஓடுவதற்காக வாங்கப்பட்டதன்று. தட்டின்மேல் மூட்டைகளை அடுக்கியபின் மைய உயரம் 36 அங்குலம் என்று கொள்க. உயர்த்தாத வண்டி 36 பாகையில் கவிழும்; உயர்த்திய வண்டியில் அம்மையம் 39 ஆகி, 34 பாகைக்கும் சற்றுக் குறைவிலேயே கவிழும். இதுவும் கணக்கில் வந்த எண்ணே. நடைமுறையில் தாழ்ந்த பக்கத்து வில் அமுங்குவதாலும், டயர் நசுங்குவதாலும், ஆற்றுக்கரையின் ஓரமண் சரிவதாலும், ஓட்டுபவர் வேகமாய்த் திருப்புவதாலும் இதனினும் மிகக் குறைந்த சாய்விலேயே வண்டி கவிழ்ந்துவிடும்.

நடவுக்கும் களையெடுப்புக்கும் பெண்களைப் பின்தட்டில் நிறுத்தி ஏற்றிச் செல்லும் வழக்கம் இன்னும் பல ஊர்களில் காணப்படுகிறது. சரக்கு வண்டியில் ஆட்களை அவ்வாறு ஏற்றுவது சட்டப்படி கூடாது. அது ஒருபுறமிருக்க, நின்றுகொண்டிருக்கும் இருபது பேரின் எடை மூட்டைகளின் எடையைவிட மிக உயரத்தில் நிற்கிறது. அன்றியும் மூட்டையைப் போல் அசையாதிருப்பதும் இல்லை. திருப்பத்தில் எல்லாரும் ஒரே பக்கம் சாய்வர். உயர்த்திய வண்டியில் ஆட்களை ஏற்றிக் கரைப்பாதையில் செல்வதை எவ்விதத்திலும் அனுமதிக்கலாகாது என்பது இதை எழுதுபவனுடைய உறுதியான கருத்து.

சட்டத்தையும் கவனிக்க வேண்டும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவின்படி, பதிவுச் சான்றில் கண்ட விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறித்தவற்றினின்று வேறுபடுமாறு வண்டியை மாற்றலாகாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இப்பிரிவை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. அவ்வாண்டிலேயே செய்யப்பட்ட திருத்தத்தின்படி, அனுமதிக்கப்படாத ஒவ்வொரு மாற்றத்திற்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடமுண்டு. ஆகவே கிட்டை வாங்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்து மூலமாய்க் கேட்டு, எழுத்து மூலமாய் விடை பெறுக. பட்டறைக்காரர் ‘யாரும் கேட்கமாட்டார்கள்’ என்பார். விபத்து நேர்ந்தபின் காப்பீட்டுக் கம்பெனியார் கேட்பார்கள்.

முதலில் இழந்த உயரத்தை மீட்டல்

பழைய வண்டிகளைப் பொறுத்தமட்டில் பெரும்பாலோர் தேடும் உயரம் வெளியே இல்லை. வண்டியிலேயே இருந்து தொலைந்துபோனது. இருபது, முப்பது ஆண்டுகள் பாரம் சுமந்த வில் தன் வளைவை இழந்து தட்டையாகிவிடுகிறது. வண்டியைச் சமதரையில் வெறுமையாய் நிறுத்தி, அச்சின் மேற்புறத்திலிருந்து சேஸின் அடிப்புறம் வரை நான்கு மூலைகளிலும் அளந்து எழுதிக்கொள்க. ஓட்டுநரும் பெட்ரோல் அல்லது டீசல் தொட்டியும் இருக்கும் பக்கம் மற்றதைவிடத் தாழ்ந்திருப்பதைக் காணலாம். வண்டியின் கைப்புத்தகத்தில் உள்ள அளவோடு, அல்லது அதே மாதிரியான நல்ல நிலையிலுள்ள வேறொரு வண்டியின் அளவோடு, ஒத்துப் பார்த்தால் ஒன்றரை, இரண்டு அங்குலம் குறைந்திருப்பது புதுமையன்று.

இவ்வண்டிகளுக்கு உற்பத்தியாளர் குறித்த அளவிலேயே புதிய வில் தொகுதி மாட்டினால் இழந்த உயரம் திரும்ப வந்துவிடும். வண்டியின் அமைப்பு எதுவும் மாறாது. சட்டத்தோடும் முரண்பாடு இல்லை. பிரேக்குக் குழாயையும் புரப்பெல்லர் ஷாப்டையும் தொட வேண்டுவதுமில்லை. பழைய பட்டைகளையே வளைவேற்றிக் கொடுக்கும் பட்டறைகளும் உள. அவற்றில் குளிர்ந்த நிலையில் சுத்தியால் அடித்து வளைப்பதே ஓரளவு நம்பத்தக்கது. உலையில் பழுக்கக் காய்ச்சி வளைத்துவிட்டு அப்படியே ஆறவிட்டால் எஃகின் பதம் கெட்டு, இரண்டு போகத்துக்குள் வில் மீண்டும் தட்டையாகும். காய்ச்சினால் மறுபடி எண்ணெயில் தோய்த்துப் பதமேற்ற வேண்டும். அதற்குரிய உலையும் அனுபவமும் எல்லாப் பட்டறையிலும் இல்லை. பட்டையில் விரிசலோ ஆழ்ந்த துருக்குழியோ இருப்பின் அதனைத் தள்ளிவிடுக.

இவ்வாறு செய்தபின் மீண்டும் சுண்ணாம்புச் சோதனை செய்க. பத்துப் பேரில் பெரும்பாலோர்க்கு இத்துடன் வேலை முடிந்துவிடும்.

உயர்த்தும் வழிகள்

மேலும் உயரம் வேண்டுமென்று கண்டு, அனுமதியும் பெற்றவர்கள் 2 அங்குலத்தோடு நிறுத்திக்கொள்வது நலம். அதற்குமேல் போனால் ஒன்றைத் திருத்த மற்றொன்றைத் திருத்த வேண்டியதாகி வேலைக்கு முடிவே இராது.

ஷேக்கிள் என்பது வில்லின் ஒரு முனையைச் சேஸோடு தொங்கவிடும் இரட்டைத் தகடு. அதனை நீட்டுவது மலிவான வழி. வில்லின் ஒரு முனைமட்டும் தாழ்வதால், 2 அங்குலம் நீண்ட ஷேக்கிள் 1 அங்குலமே உயரம் தரும். அன்றியும் அச்சு சுழன்று சாயும். முன் வில்லின் ஷேக்கிள் முன்முனையில் இருந்தால், நீட்டியபின் அச்சின் மேற்புறம் முன்னோக்கிச் சாய்ந்து, காஸ்டர் எனப்படும் சாய்வு குறையும். அதனால் ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்பும் குணம் கெட்டு, வண்டி நெடுஞ்சாலையில் இங்குமங்கும் அலையும். ஷேக்கிள் பின்முனையில் இருந்தால் காஸ்டர் கூடும். ஆனால் முன் டிபரன்ஷியலின் மூக்கு கீழ்நோக்கி, புரப்பெல்லர் ஷாப்டின் மூட்டு அதிகமாய் மடங்கும். ஆப்புத் தகடு இட்டு ஒன்றைத் திருத்தினால் மற்றது சற்றுக் கெடும். நீண்ட ஷேக்கிள் பக்கவாட்டில் ஆடுவதும் உண்டு. ஆகையால் இவ்வழி சிறப்புடையதன்று.

பழைய தொகுதியில் ஒரு பட்டையைக் கூடுதலாய்ச் சேர்ப்பது மற்றொரு வழி. எப்போதும் பாரம் ஏற்றும் வண்டிக்கு இது ஒத்துவரும். ஆயினும் வில் விறைப்பாவதால் அதிர்ச்சி சேஸுக்குச் செல்லும். சேற்றில் உழன்ற பழைய சேஸ் வில் மாட்டும் இடங்களிலேயே முதலில் துருப்பிடிக்கும். விறைத்த வில் அங்கே விரிசல் உண்டாக்கும். கடற்கரையோர உவர்நிலப் பகுதிகளில் உள்ளவர்கள் அவ்விடங்களைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, சிறு சுத்தியால் தட்டிப் பார்த்தபின்னரே மேற்செல்க. கணீரென்று ஒலியாமல் மந்தமாய் ஒலித்தால் முதல் வேலை வில்லன்று, சேஸ்.

அச்சுக்கும் வில்லுக்கும் இடையே இரும்புக் கட்டை வைப்பது யாவரினும் அதிகமாய்ச் செய்யப்படுவது. வில் அச்சின்மேல் அமர்ந்திருக்கும் பின்பக்கத்துக்கு மட்டுமே இது பொருந்தும். முன்பக்கத்தில் ஒருபோதும் கட்டை வைக்கலாகாது. பிரேக்குப் பிடிக்கும்போது முன்னச்சின்மேல் விழும் முறுக்கில் கட்டை நழுவினால் ஸ்டியரிங்கே கையைவிட்டுப் போகும். பின்பக்கத்திலும் ஒன்றன்மேல் ஒன்றாய் இரண்டு கட்டைகள் வைப்பதும், மரக்கட்டை வைப்பதும் அறவே கூடாது. ஜீப் வழிவந்த வண்டிகள் பலவற்றில் வில் அச்சின் கீழே மாட்டப்பட்டிருக்கும். குனிந்து பார்த்தால் தெரியும். அவற்றில் இடையே கட்டை வைத்தால் வண்டி உயர்வதற்குப் பதில் தாழும். அத்தகைய வண்டிகளில் வில்லைக் கீழிருந்து அச்சின் மேலுக்கு மாற்றி வைக்கும் வழக்கமும் உண்டு. அதனால் அச்சுக்குழாயின் கனமும் வில்லின் கனமும் சேர்ந்து 5 அங்குலம் வரையில் உயரும். இது வேட்டைக்கும் பந்தயத்துக்கும் போவோர் விளையாட்டு. மூட்டை சுமக்கும் வண்டிக்கு ஏற்றதன்று.

ஆக, அதிக வளைவோடு செய்யப்பட்ட முழுப் புதிய வில் தொகுதியை, அதற்குரிய நீண்ட ஷாக் அப்சார்பரோடு மாட்டுவதே சிறந்தது. விலை அதிகமே. ஆனால் அச்சின் சாய்வு பெரும்பாலும் மாறாது.

மாட்டும் முறை

இம்முறை, வண்டியைப் பழைய உயரத்துக்கு மீட்பதற்கும் அதற்குமேல் உயர்த்துவதற்கும் பொதுவானது.

வேலைக்கு மூன்று நான்கு நாள் முன்னரே எல்லா நட்டுகளையும் கம்பித் தூரிகையால் துடைத்து, துரு இளக்கும் எண்ணெயைக் காலையும் மாலையும் விட்டு வருக. பழைய வண்டியில் பாதிநேரம் துருப்பிடித்த ஷேக்கிள் போல்ட்டோடு போராடுவதிலேயே கழியும். வண்டியைச் சிமெண்டுக் களத்தில் நிறுத்தி, தூக்காத பக்கத்துச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுக்க வேண்டும். சேஸை ஜாக்கியால் தூக்கியதும் அதனடியில் எஃகுத் தாங்கிகள் இரண்டை நிறுத்தி, எடையை அவற்றின்மேல் இறக்குக. செங்கல் அடுக்கின் மேலும் ஜாக்கியை மட்டும் நம்பியும் வண்டியின்கீழ் ஒருவரும் நுழையலாகாது. செங்கல் முன்னறிவிப்பின்றி நொறுங்கும். அச்சின்கீழ் வேறொரு ஜாக்கியைக் கொடுத்துத் தாங்கிக்கொள்க. ஒரு நேரத்தில் ஓர் அச்சை மட்டுமே எடுத்துக்கொள்ள வேண்டும்.

புரப்பெல்லர் ஷாப்டைக் கழற்ற நேர்ந்தால் முன்னதாக இரு துண்டுகளின்மேலும் ஒரே நேராய் உளியால் குறியிடுக. குறி தவறிச் சேர்த்தால் வண்டி அதிரும். காரணம் கண்டுபிடிக்க ஒரு வாரம் போகும். பின்னர் ஷாக் அப்சார்பரைக் கழற்றி, யு போல்ட்டு நட்டுகளைக் குறுக்குமறுக்காய்த் தளர்த்தி நீக்குக. அச்சைச் சற்றே இறக்கினால் (அல்லது வில் கீழே உள்ள வண்டியில் உயர்த்தினால்) வில் விடுபடும். புதிய வில்லை வைக்கும்போது சென்டர் போல்ட்டின் தலை அச்சின் மேடையிலுள்ள குழியில் சரியாய் அமர வேண்டும். சில வில்களில் நடுவிலிருந்து முன்முனைக்கும் பின்முனைக்கும் நீளம் வேறுபடும். திருப்பி வைத்தால் அச்சு முன்னோ பின்னோ தள்ளிப்போகும். பழைய யு போல்ட்டுகளை மறுபடி உபயோகிக்கலாகாது. அவை ஒருமுறை இழுபட்டு நீண்டவை. இரண்டாம் முறை பிடிப்பு நிலைக்காது. இக்கஞ்சத்தனத்தால் அச்சு நகர்ந்த வண்டிகள் உண்டு.

வில்லின் கண்களில் உள்ள ரப்பர் புஷ்களின் போல்ட்டுகளை இப்போது விரலால் மட்டும் முறுக்கி வைக்க வேண்டும். வண்டி சக்கரங்களின்மேல் இறங்கித் தன் எடையில் அமர்ந்தபின்னரே அவற்றை இறுக்குதல் வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் நிரந்தரமாய் முறுக்குண்டு சில மாதங்களில் கிழிந்துவிடும். யு போல்ட்டு நட்டுகளைக் குறுக்குமறுக்காய்ச் சிறிது சிறிதாய், கைப்புத்தகத்தில் கண்ட அளவுக்கு, டார்க் ரெஞ்சினால் இறுக்குக.

மாட்டியபின் பார்க்க வேண்டியவை

இனிக் கூறுவதே முக்கியமானது. இதனைச் செய்யாமல் வண்டியை ஓட்டுவதைவிட வேலையைத் தொடங்காதிருப்பதே மேல்.

காவிரியின் கடைமடைப் பகுதியில் ஒரு நிலக்கிழாரின் வண்டியைப் பார்க்கும்படி நேர்ந்தது. பின்பக்கம் கட்டை வைத்து உயர்த்தி மூன்று மாதம் ஆகியிருந்தது. பின்னச்சைத் தொங்கவிட்டபோது, சேஸிலிருந்து அச்சுக்கு வரும் பிரேக்கு ரப்பர்க் குழாய் வீணையின் தந்திபோல் விறைத்து நின்றது. அதன் முனையருகே உறை வெடித்து உள்நூல் தெரிந்தது. அன்றுவரை அவ்வண்டி நாள்தோறும் பள்ளிக்கூடத்து வாயிலைக் கடந்து சென்றுகொண்டிருந்தது. சமதரையில் நிற்கும்போது குழாய் தளர்ந்தே காணப்பட்டதால் பட்டறையிலும் வீட்டிலும் ஒருவருக்கும் ஐயம் தோன்றவில்லை.

ஆகையால் சேஸைத் தாங்கியில் நிறுத்தி அச்சைத் தடையின்றித் தொங்கவிட்டே எல்லாக் குழாய்களையும் பார்க்க வேண்டும். முன்பக்கத்தில் ஸ்டியரிங்கை இடக்கோடிக்கும் வலக்கோடிக்கும் திருப்பிப் பார்க்க வேண்டும். எங்கும் குழாய் இறுகலாகாது. டயரிலும் வில்லிலும் உராயலாகாது. குறைந்தால் நீண்ட புதிய குழாய் மாட்டுக. இரண்டு துண்டுகளை இணைப்பது கூடாது. பிரேக்கைத் திறந்திருப்பின் காற்று முழுவதும் வெளியேற்றப்பட வேண்டும். கைப்பிரேக்குக் கம்பி, அச்சின் மூச்சுக்குழாய், மின்கம்பிகள் ஆகியவற்றையும் இந்நிலையிலேயே கவனிக்க.

சில பிக்கப் வண்டிகளில் பின்பிரேக்கின் வலுவைப் பாரத்துக்கேற்ப மாற்றும் வால்வு ஒன்று சேஸில் இருந்து, ஒரு கம்பியால் அச்சோடு இணைக்கப்பட்டிருக்கும். வண்டி உயர்ந்ததும் அவ்வால்வு, தட்டு வெறுமையாய் இருப்பதாகக் கருதிப் பின்பிரேக்கைக் குறைத்துவிடும். முழுப் பாரத்தோடு பாலத்தின் இறக்கத்தில் இது தெரியவரும். உயர்த்திய அளவுக்கு ஏற்றபடி அக்கம்பியின் தாங்கியை மாற்றியமைப்பது அவசியம்.

புரப்பெல்லர் ஷாப்டைப் பற்றி ஒரு கணக்கு. 40 அங்குல நீளமுள்ள ஷாப்டின் ஒரு முனை 3 அங்குலம் உயர்ந்தால் அதன் சாய்வு சுமார் 4 பாகை கூடும். 24 அங்குல ஷாப்டாயின் 7 பாகை கூடும். குட்டை ஷாப்டு உடைய வண்டிக்கே தொல்லை அதிகம். இரு முனையிலும் உள்ள கிராஸ் மூட்டுக்களின் மடக்கு ஒன்றுக்கொன்று சமமாயிருத்தல் வேண்டும். இல்லையேல் ஷாப்டு ஒரு சுற்றிலேயே விரைந்தும் தாமதித்தும் சுழன்று அதிரும். ஷாப்டு சற்று நீளவும் நேர்வதால், அச்சு முழுதும் தொங்கும்போது நழுவும் பற்கள் போதிய அளவு உள்ளே இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்க.

ஸ்டியரிங் பெட்டியிலிருந்து வரும் டிராக் லிங்க் முன்பைவிடச் சாய்ந்து நிற்கும். குழியில் முன்னச்சு ஏறி இறங்கும்போதெல்லாம் அது சக்கரத்தைப் பக்கவாட்டில் இழுக்கும். கையில் ஸ்டியரிங் துள்ளும். 2 அங்குலம் வரை இது பொறுக்கத்தக்கதே. அதற்குமேல் உயர்த்தியவர்கள் கைப்பிடியை மாற்றியமைக்க வேண்டிவரும். இதனை வெல்டிங்கினால் செய்து தருவதாகச் சொல்லும் பட்டறையை விட்டு விலகுக. ஸ்டியரிங் உறுப்புக்கள் எதிலும் உள்ளூர் வெல்டிங் ஆகாது. முன்சக்கரங்களின் நேர்ப்பாட்டை அதற்குரிய கருவியுள்ள இடத்தில் சரிபார்ப்பதும் விடத்தக்கதன்று.

ஷாக் அப்சார்பரை அளக்கும் விதம் இது. அச்சு மேலேறி பம்ப் ரப்பரில் முட்டும்போது ஷாக் அப்சார்பர் முற்றிலும் சுருங்கிவிடலாகாது. அச்சு முழுதும் தொங்கும்போது அது முற்றிலும் நீண்டு அச்சைத் தாங்கவும் ஆகாது. இரு நிலையிலும் ஓரங்குலம் மிச்சம் இருக்க வேண்டும்.

வண்டி உயர்ந்ததால் முன்விளக்குகளின் ஒளி எதிரே வருபவர் கண்ணில் விழும். சுவருக்கு எதிரே நிறுத்தி, முன்பு இருந்த உயரத்துக்கு ஒளியைத் தாழ்த்துக. முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும், மறுபடி 500 கிலோமீட்டர் ஓடியதும், யு போல்ட்டு நட்டுகளையும் ஷேக்கிள் போல்ட்டுகளையும் சக்கர நட்டுகளையும் அளந்து இறுக்க வேண்டும். புதிய வில் முதல் மாதத்தில் அரை அங்குலம் வரை படிவது இயல்பு. நான்கு மூலைகளையும் முன்போலவே அளந்து, முன் எழுதிய கணக்கின் பக்கத்திலேயே எழுதி வைத்துக்கொள்க.